மடையா, நண்டு வளையா? இன்ஜின் வேலை முடிந்த காரில் கம்ப்ரஷன் குறைந்தால்

டெல்டாவில் வண்டி ஓட்டுகிறவனுக்கு ஏற்றம் என்றால் பாலம்தான். கல்லணைக்குக் கிழக்கே கடற்கரை வரைக்கும் பாய் விரித்த மாதிரி கிடக்கிற பூமி இது. அதனால் இன்ஜினில் இழுவை குறைந்தால் பல நாள் தெரியவே தெரியாது. ஒரு ரயில்வே மேம்பாலமோ கொள்ளிடப் பாலமோ குறுக்கே வரும்போதுதான் குட்டு வெளிப்படும்.

எனக்கும் அப்படித்தான். என்னுடைய பழைய மாருதி 800-க்கு ரீபோர் (சிலிண்டர் சுவரைக் கடைந்து பெரிதாக்குவது), புது பிஸ்டன், புது ரிங், ஹெட் வேலை என்று எல்லாம் பார்த்து, கையிருப்பைக் கரைத்து வெளியே எடுத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒழுங்காக ஓடும். சூடேறியதும் நின்ற இடத்திலேயே உதறும். மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஏற வேண்டிய வண்டி இரண்டாவதில் முக்கிக்கொண்டு போனது. பக்கத்தில் நெல் மூட்டை ஏற்றிய குட்டி லாரி ஒன்று ஆரன் அடித்துவிட்டுத் தாண்டியது.

பட்டறைக்குத் திரும்பக் கொண்டுபோனேன். அங்கே வேலை செய்கிற தம்பி பிளக்குகளைக் கழற்றி, ஓட்டையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னார்.

"மூணாவது சிலிண்டர்ல கம்ப்ரஷன் கம்மியா இருக்குண்ணே. ரிங்கு சரியில்ல. இன்னொரு தடவ இறக்கித்தான் பாக்கணும்."

இந்தக் கட்டுரை அந்த 'இறக்கித்தான் பாக்கணும்' என்ற பேச்சுக்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பற்றியது. இன்ஜினை இறக்குவது கடைசி வேலை. அதற்கு முன் வெளியிலிருந்தே செய்யக்கூடிய சோதனைகள் இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டியது ஒரு கேஜ், ஒரு ஸ்பூன் ஆயில், ஒரு பேப்பர், பேனா.

கம்ப்ரஷன் என்பது என்ன?

சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பை எடுத்து, முனையை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். ஓரளவுக்கு மேல் இறங்காது. உள்ளே இருக்கிற காற்று எதிர்த்து நிற்கும். அந்த அழுத்தம்தான் கம்ப்ரஷன். பம்புக்குள் இருக்கும் தோல் வாஷர் தேய்ந்துபோயிருந்தால் கைப்பிடி பொசுக்கென்று இறங்கிவிடும். காற்று வாஷரைச் சுற்றிக்கொண்டு தப்பித்துவிட்டது என்று அர்த்தம்.

கார் இன்ஜினிலும் இதே கதைதான். மாருதி 800-இல் மூன்று சிலிண்டர், மொத்தம் 796 சி.சி. ஆக ஒரு சிலிண்டருக்குச் சுமார் 265. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே வரும். அப்புறம் வால்வுகள் மூடிக்கொள்ளும். பிஸ்டன் மேலே ஏறி அந்தக் கலவையைக் கிட்டத்தட்ட ஒன்பதில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கும். அதற்குப் பிறகுதான் பிளக் பொறி விடும். நன்றாக நெருங்கிய கலவை சட்டென்று எரிந்து பிஸ்டனை உதைத்துத் தள்ளும். நெருங்காத கலவை சோம்பலாக எரியும், சில சமயம் எரியாமலே சைலன்சர் வழியாகப் போய்விடும்.

நெருக்கும் நேரத்தில் காற்று தப்பிக்க வழி அதிகமில்லை. உள்ளே விடும் (இன்லெட்) வால்வு, வெளியே விடும் (எக்ஸாஸ்ட்) வால்வு, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள், வால்வுகள் உள்ள மேல்மூடியான ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் உள்ள பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட். அவ்வளவுதான். ஹெட்டில் விரிசல், பிஸ்டனில் ஓட்டை என்பதெல்லாம் உண்டு. ஆனால் புதிதாக வேலை பார்த்த இன்ஜினில் முதலில் அங்கே போய்த் தேட வேண்டாம்.

நம் ஊரில் இதைப் புரிய வைக்க வயலே போதும். சாயங்காலம் தண்ணீர் கட்டிவிட்டு வருகிறோம். காலையில் போய்ப் பார்த்தால் ஒரு வயலில் மட்டும் தண்ணீர் வடிந்து கிடக்கிறது. என்ன செய்வோம்? முதலில் மடையைச் சரியாக அடைத்தோமா என்று பார்ப்போம். அது வால்வு. அப்புறம் வரப்பைச் சுற்றி வந்து நண்டு வளை இருக்கிறதா என்று தேடுவோம். அது ரிங். பக்கத்து வயலுக்கும் இதற்கும் நடுவில் உள்ள வரப்பு அறுத்துக்கொண்டு, ஒன்றின் தண்ணீர் மற்றதில் போய்ச் சேர்ந்திருந்தால் அது கேஸ்கெட். எல்லா வயலுமே ஒரே மாதிரி வறண்டு கிடந்தால் வரப்பைக் குறை சொல்ல மாட்டோம். வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்று பார்ப்போம். இன்ஜினில் அது டைமிங்காக (வால்வுகள் திறந்து மூடும் நேரக்கணக்கு) இருக்கலாம், நாம் சோதித்த விதத்திலேயே தப்பாகவும் இருக்கலாம். தண்ணீர் வடிந்தது என்பதற்காக வரப்பு முழுவதையும் வெட்டிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுகிறவர் யாரும் கிடையாது. இன்ஜினுக்கு மட்டும் ஏன் அப்படிச் செய்ய வேண்டும்?

கேஜ் வைத்து அளப்பது

கட்டைவிரல் சோதனையைக் கேலி செய்ய நான் வரவில்லை. சிலிண்டரில் அழுத்தம் சுத்தமாக இல்லை என்றால் விரல் சொல்லிவிடும். ஆனால் 110 பி.எஸ்.ஐ.-க்கும் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்கிற அழுத்தக் கணக்கு) 140-க்கும் உள்ள வித்தியாசம் விரலுக்குத் தெரியாது. சூடான இன்ஜினில் விரலை வைப்பதும் சுகமான வேலை இல்லை. கம்ப்ரஷன் கேஜ் பெரிய விலை கிடையாது. ரப்பர் முனையை ஓட்டையில் கையால் அழுத்திப் பிடிக்கும் வகையை விட, பிளக் மாதிரியே மரை போட்டுத் திருகும் வகை நல்லது. கை நழுவினால் அளவும் நழுவும்.

அளப்பதற்கு முன் இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். பேட்டரி முழுதாக சார்ஜ் ஏறியிருக்க வேண்டும். செல்ஃப் மோட்டார் இழுத்து இழுத்துச் சுற்றினால் எல்லா சிலிண்டரும் குறைவாகத்தான் காட்டும். பிளக்கைக் கழற்றுவதற்கு முன் அதைச் சுற்றியுள்ள இடத்தைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். அறுவடைக் காலத்தில் ரோட்டில் வைக்கோலைப் பரப்பி வண்டிகளை அதன் மேல் ஓட வைக்கிற ஊர் நம்முடையது. என் வண்டியில் பிளக் அடியிலிருந்து நாலு நெல் உமியும் ஒரு வைக்கோல் துணுக்கும் எடுத்தேன். அதெல்லாம் சிலிண்டருக்குள் விழுந்தால் இருக்கிற வம்பு போதாதென்று புது வம்பு.

மூன்று பிளக்குகளையும் கழற்ற வேண்டும், அளக்கப்போகும் ஒன்றை மட்டும் அல்ல. அப்போதுதான் இன்ஜின் லேசாக, ஒரே வேகத்தில் சுற்றும். பொறி வராமல் இக்னிஷன் காயிலின் இணைப்பை எடுத்துவிடுங்கள். கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வண்டியாக இருந்தால் பெட்ரோல் பம்பின் ஃபியூஸையும் கழற்றுங்கள். இல்லாவிட்டால் பெட்ரோல் உள்ளே இறங்கி சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிவிடும். வண்டி நியூட்ரலில் இருக்கட்டும்.

இப்போது எல்லோரும் மறக்கிற விஷயம். ஆக்சிலேட்டரைத் தரையோடு சேர்த்து மிதித்திருக்க வேண்டும். கார்புரேட்டர் வண்டி என்றால் சோக்கும் திறந்திருக்க வேண்டும். மிதிக்கவில்லை என்றால் காற்று வரும் வழியிலுள்ள திராட்டில் தகடு மூடியிருக்கும், உள்ளே காற்றே போகாது. மதகை மூடி வைத்துக்கொண்டு வயலில் தண்ணீர் இல்லை என்று அழுகிற கதை அது. நான் முதல்முறை அளந்தபோது மூன்றும் 90-க்குக் கீழே காட்டியது. வயிறு கலங்கிவிட்டது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்த அக்கா மகனைக் கேட்டேன்.

"டேய், மிதிச்சிருக்கியா?"

"மிதிச்சுட்டுத்தானே மாமா இருக்கேன்."

எட்டிப் பார்த்தால் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தான்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்து, ஆறு முறை 'புஸ், புஸ்' என்று கேட்கும்வரை செல்ஃப் அடியுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணிக்கை. முள் கடைசியில் நிற்கிற இடத்தைக் குறிப்பது போலவே முதல் புஸ்ஸில் எங்கே போனது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல சிலிண்டரில் முதல் அடியிலேயே முள் பாதிக்கு மேல் தாவி, அடுத்த இரண்டு மூன்றில் உச்சிக்குப் போய்விடும். ரிங்கில் கசிவு இருந்தால் முதலில் குறைவாகக் காட்டி, மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வருகிற மாதிரி, அடிமேல் அடியாக மெல்ல ஏறும். வால்வு சரியாக மூடாவிட்டால் முதலிலும் குறைவு, அப்புறமும் பெரிதாக ஏறாது. இது நூற்றுக்கு நூறு உறுதியான விதி இல்லை. ஆனால் நல்ல துப்பு.

எவ்வளவு இருக்க வேண்டும்? சாதாரண பெட்ரோல் கார்களில் 120 முதல் 180 பி.எஸ்.ஐ. வரை இருக்கும். உங்கள் இன்ஜினுக்கு உரிய அளவு சர்வீஸ் கையேட்டில் இருக்கும். பழைய மெக்கானிக்குகள் கிலோ கணக்கில் பேசுவார்கள். 'பத்து கிலோ இருக்கு' என்றால் சதுர சென்டிமீட்டருக்குப் பத்து கிலோ, அதாவது சுமார் 142 பி.எஸ்.ஐ. என்னைக் கேட்டால் அந்த எண்ணை விட சிலிண்டர்களுக்கு நடுவில் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். கேஜுக்குக் கேஜ் காட்டுவது மாறும். ஊருக்கு ஊரும் மாறும். கடல் மட்டத்தை ஒட்டிய நாகப்பட்டினத்தில் அளந்த இன்ஜினையே ஊட்டிக்குக் கொண்டுபோய் அளந்தால், அங்கே காற்று மெலிந்திருப்பதால், ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைத்துக் காட்டும். இன்ஜினில் ஒரு கோளாறும் இருக்காது. ஆனால் ஒரே கேஜ், ஒரே இன்ஜின், ஒரே மத்தியான நேரத்தில் ஒரு சிலிண்டர் மட்டும் தனித்துக் குறைந்தால் அது பொய் சொல்லாது. இருப்பதிலேயே குறைந்த சிலிண்டர், கூடுதலாகக் காட்டுவதில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. புதிதாக வேலை பார்த்த இன்ஜினில் நான் அவ்வளவு தாராளமாக இருக்க மாட்டேன். பத்துப் பதினைந்து சதவீதத்துக்குமேல் வித்தியாசம் இருந்தால் காரணம் தேடுவேன்.

என் வண்டியில், மருமகன் சரியான பெடலை மிதித்த பிறகு வந்தவை: 150, 145, 75.

சாணித் தண்ணீரும் ஒரு ஸ்பூன் ஆயிலும்

பழைய பம்புசெட் ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஃபுட் வால்வின் தோல் தேய்ந்து, குழாயில் ஊற்றிய தண்ணீர் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தால், சாணியைக் கரைத்து ஊற்றுவார்கள். சாணி போய் இடுக்கை அடைக்கும், தண்ணீர் கொஞ்ச நேரம் நிற்கும், அதற்குள் மோட்டாரைப் போட்டுவிடலாம். சாணி ஊற்றியதும் தண்ணீர் நின்றுவிட்டால் கசிவு எங்கே என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

இன்ஜினில் அந்த வேலையைச் செய்வது ஆயில். குறைவாகக் காட்டிய சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, கையால் ஒன்றிரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடி அளக்க வேண்டும். ஆயில் பிஸ்டனைச் சுற்றிப் பரவி ரிங்குக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கைத் தற்காலிகமாக அடைக்கும். அளவு நன்றாக ஏறினால், உதாரணமாக 75 என்பது 120 ஆனால், கசிவு ரிங் பக்கம். ஏறவே இல்லை என்றால் வால்வு பக்கம், இல்லாவிட்டால் கேஸ்கெட். ஏனென்றால் ஆயில் கீழே பிஸ்டன் மேல்தான் கிடக்கும், மேலே உள்ள வால்வை அது அடைக்காது. ஒரு ஸ்பூனுக்குப் பதில் அரை டம்ளர் ஊற்றினால் அந்த ஆயிலே இடத்தை அடைத்துக்கொண்டு அளவைப் பொய்யாக ஏற்றிக் காட்டும்.

என் மூன்றாவது சிலிண்டர் ஆயில் விட்ட பிறகு 80 காட்டியது. 75-க்கும் 80-க்கும் பெரிய பேதமில்லை. ரிங் தப்பித்தது. கேஸ்கெட்டாகவும் தெரியவில்லை, ஏனென்றால் பக்கத்து இரண்டாவது சிலிண்டர் 145-இல் கம்பீரமாக நிற்கிறது. ஆக மடைதான். ஆனால் எந்த மடை, ஏன் மூடவில்லை?

டேப்பட் என்கிற சின்ன இடைவெளி

கேம் ஷாஃப்ட் என்கிற தண்டு சுற்றும்போது, ராக்கர் என்கிற நெம்புகோல் வால்வின் தண்டை அழுத்தித் திறக்கும். மூடியிருக்கும் நேரத்தில் ராக்கருக்கும் தண்டின் நுனிக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்க வேண்டும். மெல்லிய தகடு ஒன்று நுழையும் அளவு. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு என்கிற மாதிரி. இதைத்தான் டேப்பட் கிளியரன்ஸ் என்கிறார்கள். இன்ஜின் சூடாகும்போது வால்வுத் தண்டு நீளும். நீளுவதற்கு இடம் வேண்டுமே, அதற்குத்தான் இந்த இடைவெளி. இடைவெளி இல்லாவிட்டால் தண்டு நீண்டு ராக்கரில் முட்டி, வால்வு முழுதாக உட்காராமல் மயிரிழை திறந்தே நிற்கும்.

ஹெட் வேலை பார்த்த இன்ஜினில் இது ஏன் அடிக்கடி வருகிறது? லேத்தில் வால்வையும் அது உட்காரும் சீட்டையும் அரைக்கும்போது வால்வு கொஞ்சம் உள்வாங்கி உட்காரும். கீழ்ப்பக்கம் எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவுக்கு மேல்பக்கம் தண்டு உயர்ந்துவிடும். ஆக இடைவெளி குறையும். அதனால் ஹெட்டை மாட்டியதும் டேப்பட்டைப் புதிதாக வைத்தே ஆக வேண்டும். வைக்கும்போதும் ஒரு கண்ணி உண்டு. ராக்கரிலுள்ள ஸ்க்ரூவை அளவுக்கு நிறுத்திவிட்டு லாக் நட்டை இறுக்கும்போது, ஸ்க்ரூவும் கூடவே கால் சுற்று திரும்பிவிடும். இறுக்கின பிறகு ஃபீலர் கேஜை (கனம் குறித்த மெல்லிய தகடுகளின் செட்) மறுபடி விட்டுப் பார்க்காதவருக்கு இது தெரியாது.

என் வண்டியில் நடந்தது அதுதான். வால்வு கவரைத் திறந்து, மூன்றாவது பிஸ்டனை கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவந்து, எக்ஸாஸ்ட் பக்கம் ஃபீலர் கேஜை நுழைத்தால், நுழையவில்லை. செட்டிலேயே மெல்லிய தகடும் நுழையவில்லை. காலையில் ஒழுங்காக ஓடி, சூடேறியதும் உதறிய மர்மம் அங்கே விளங்கியது. குளிர்ந்த இன்ஜினில் வால்வு எப்படியோ மூடிக்கொண்டிருந்தது, சூட்டில் தண்டு நீண்டதும் திறந்துகொண்டது. இன்ஜினைச் சூடாக்கி அளக்கச் சொல்வது இதனால்தான். குளிர்ச்சியில் அளந்திருந்தால் மூன்றாவது சிலிண்டர் நல்ல பிள்ளை வேஷம் போட்டிருக்கும்.

குளிர்ந்த பிறகு கையேட்டிலுள்ள அளவுக்கு வைத்து, நட்டை இறுக்கி, திரும்பவும் ஃபீலரை விட்டுப் பார்த்து, வண்டியைச் சூடாக்கி மறுபடி அளந்தேன். 140. இறக்கியிருந்தால் ஒரு வாரமும் ஒரு கேஸ்கெட் செட்டும் போயிருக்கும். அப்படியே கவனிக்காமல் ஓட்டியிருந்தாலும் தப்பு. மூடாத எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பில் நெருப்பு பாய்ந்து பாய்ந்து கொஞ்ச நாளில் அதைக் கருக்கிவிடும். அப்புறம் டேப்பட் வைத்தாலும் பயனில்லை.

இன்ஜினுக்கு இன்ஜின் இது மாறும். இப்போதைய பல இன்ஜின்களில் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் இருக்கும், அங்கே ஃபீலருக்கு வேலையில்லை. டேப்பட் சரியாக இருந்தும் வால்வு கசிந்தால், சீட்டில் உட்காரும் இடம் சரியாக அரைபடவில்லை என்று பொருள். ஹெட்டை மாட்டுவதற்கு முன்பே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, பிளக்கை மாட்டி, வால்வுகள் இருக்கும் குழியில் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றி விட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் போதும். வால்வுத் துளை வழியே ஈரம் கசிந்திருந்தால் திரும்ப பேஸ்ட் போட்டுத் தேய்க்க வேண்டும். லேத்திலிருந்து ஹெட்டை வாங்கும்போது 'எண்ணெய் ஊத்திப் பாத்தீங்களாண்ணே?' என்று கேட்க வெட்கப்படாதீர்கள். நல்ல வேலைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். கண் முன்னாலேயே ஊற்றிக் காட்டுவார்.

ஆயில் விட்டதும் ஏறினால்

அப்போது ரிங் பக்கம் பார்க்க வேண்டும். ஆனால் அவசரப்படாதீர்கள். புது ரிங் முதல் நாளே சிலிண்டர் சுவரோடு ஒட்டிப் பழகாது. புதுச் செருப்பு காலுக்குப் பழகுகிற மாதிரிதான். ரீபோர் செய்த சுவரில் ஹோனிங் கல்லால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடுகளில் ஆயில் தங்கும், ரிங்கும் சுவரும் ஒன்றையொன்று தேய்த்துப் பொருந்தும். இதற்கு முதல் 500 முதல் 1000 கிலோமீட்டர் வரை ஆகலாம். எல்லா சிலிண்டரும் ஒரே சீராகக் கொஞ்சம் குறைந்திருந்து, ஆயில் விட்டதும் ஒரே சீராக ஏறினால், ஓட்டிவிட்டு மறுபடி அளப்பதுதான் முறை.

அந்த ஓட்டத்திலும் நம் ஊரில் ஒரு மூடப் பழக்கம் உண்டு. புது இன்ஜின் என்று வீட்டு வாசலில் நிறுத்தி மணிக்கணக்கில் ஐடிலில் ஓட விடுவது. அது ரிங்கைப் பழக்காது, சுவரைக் கண்ணாடி போல மெழுகிவிடும். ரிங் சுவரோடு அழுந்துவதே சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தால்தான். அதற்கு மிதமான பாரம் வேண்டும். தஞ்சாவூர் ரோட்டில் வேகத்தை ஏற்றி, ஆக்சிலேட்டரை விட்டு, மறுபடி ஏற்றி ஓட்டுங்கள். உச்ச வேகமும் வேண்டாம், ஒரே வேகமும் வேண்டாம்.

ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்து, ஆயிலில் நன்றாக ஏறி, ஓட்டியும் சரியாகவில்லை என்றால் ரிங் மாட்டியதில் தப்பு இருக்கலாம். ரிங்கின் மேல் ஒரு புள்ளியோ எழுத்தோ இருக்கும். அது மேல்பக்கம் பார்க்க வேண்டும். தலைகீழாக மாட்டினால், முக்கியமாக இரண்டாவது ரிங்கை, ஆயிலைக் கீழே வழிப்பதற்குப் பதில் மேலே இழுக்கும். நீலப் புகை வரும். மாட்டும்போதே ரிங் உடைந்திருக்கலாம். அல்லது ரிங் செட்டே தப்பாக இருக்கலாம். போரைப் பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுவிட்டு ஸ்டாண்டர்டு ரிங்கை மாட்டினால் ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவில் வாய் பிளந்து நிற்கும். இந்த இடைவெளியை மாட்டும் முன்பே அளக்கலாம். ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் விட்டு, கவிழ்த்த பிஸ்டனால் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜை விட வேண்டும். மேல் ரிங்குக்கு ஒரு அங்குலப் போருக்கு நாலு தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்பது பழைய கணக்கு. 68.5 மி.மீ. போர் உள்ள மாருதி 800-க்கு அது சுமார் 11 தவ், அதாவது கால் மில்லிமீட்டர் சொச்சம். வாய்களை ஒன்றுக்கு மேல் ஒன்றாக நிற்காமல் மூன்று பக்கமாகப் பிரித்து மாட்ட வேண்டும் என்பதும் உண்மைதான். ஆனால் ஓடும்போது ரிங்குகள் தாமே மெல்லச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். எல்லாப் பழியையும் அதன் மேல் போடுகிற மெக்கானிக்கை நான் முழுதாக நம்ப மாட்டேன்.

எல்லாம் குறைந்தால், பக்கத்துப் பக்கத்தில் குறைந்தால்

மூன்று சிலிண்டரும் ஒரே மாதிரி குறைந்து, ஆயிலுக்கும் அசையவில்லை என்றால், பேட்டரியையும் ஆக்சிலேட்டரையும் சரிபார்த்துவிட்டு டைமிங் பெல்ட்டைப் பாருங்கள். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கிலும், பெல்ட் அதோடு இணைக்கும் கேமிலும் உள்ள குறிகள் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருந்தால் இன்லெட் வால்வு மூட வேண்டிய நேரத்தில் மூடாது. பிஸ்டன் மேலே ஏறும்போது உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும். ஒரு பல்தானே என்று நினைக்கக் கூடாது. பல பல் தள்ளிப்போனால் சில இன்ஜின்களில் வால்வே பிஸ்டனில் இடித்து வளையும். அதனால் சந்தேகம் வந்தால் செல்ஃப் அடிக்காமல் ஸ்பேனரால் கையால் சுற்றிப் பாருங்கள். இது நல்ல செய்தி என்றுதான் சொல்வேன். கவரைத் திறந்து பெல்ட்டை ஒரு பல் மாற்றினால் முடிந்தது.

பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு சிலிண்டர் ஒரே அளவுக்குக் குறைந்தால் நடுவரப்பு, அதாவது கேஸ்கெட். ஹெட்டின் முகம் வளைந்திருந்தாலோ, போல்ட்டுகளை வரிசை பார்க்காமல் இறுக்கியிருந்தாலோ இது வரும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று தவணையில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்து இறுக்க வேண்டும். கை அளவில் இறுக்குகிறவர்களின் கையில் எவ்வளவு அனுபவம் இருந்தாலும் எல்லா போல்ட்டுக்கும் ஒரே கை இருக்காது. இன்னொன்றும் உண்டு. பிளாக்கில் அடி மூடிய போல்ட் துளைகளில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால் போல்ட் அதில் முட்டி நின்றுவிடும். ரென்ச் 'போதும்' என்று சொல்லும், ஹெட் மட்டும் இறுகியிருக்காது.

பஞ்சர் கடைக் காற்று

இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றால் காற்றை வெளியிலிருந்து உள்ளே விட்டுக் கேட்டுப் பார்ப்பது. பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, மீதியுள்ள இரும்பு உடம்பில் ஏர் ஹோஸ் மாட்டும் நிப்பிளை வெல்டிங் செய்துகொண்டால் கருவி தயார். பஞ்சர் கடை கம்ப்ரஸரே போதும். சந்தேகப்படும் சிலிண்டரின் பிஸ்டனை கம்ப்ரஷன் உச்சியில், இரண்டு வால்வும் மூடிய நிலையில் நிறுத்தி, டாப் கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்து, குறைந்த அழுத்தத்தில் ஆரம்பித்துக் காற்றை விட வேண்டும். பிஸ்டன் உச்சியிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தாலும் காற்று அதைத் தள்ளி கிராங்க்கைச் சுழற்றிவிடும். அந்த நேரம் புல்லியில் ஸ்பேனரையோ கையையோ வைத்திருக்காதீர்கள்.

அப்புறம் ராத்திரி வரப்பில் நண்டு வளையில் தண்ணீர் இறங்கும் சத்தத்தைக் கேட்பது போல, காதை வைத்துக் கேட்க வேண்டியதுதான். கார்புரேட்டர் வாயில் 'உஸ்' என்றால் இன்லெட் வால்வு. சைலன்சர் முனையில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கே கேட்டால் ரிங். ரேடியேட்டர் தண்ணீரில் குமிழி வந்தாலும், பக்கத்து பிளக் ஓட்டையில் காற்று வந்தாலும் கேஸ்கெட். ரிங் வழியாகக் கொஞ்சம் காற்று போவது எந்த இன்ஜினுக்கும் உண்டு, அதைக் கேட்டுப் பதற வேண்டாம். வால்விலும் ரேடியேட்டரிலும் கேட்கவே கூடாது.

டீசல் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே கம்ப்ரஷன் சூட்டிலேயே எரிய வேண்டும் என்பதால் அழுத்தம் 300, 400 என்று போகும். பெட்ரோல் கேஜை மாட்டினால் கேஜ் பாழாகிவிடும். அதற்கென்று உள்ள கேஜும், இன்ஜெக்டர் அல்லது குளோ பிளக் துளைக்கான அடாப்டரும் வேண்டும். ஆயில் விடும் சோதனையை டீசலில் வீட்டில் செய்ய வேண்டாம். பிஸ்டனுக்கு மேல் இடம் மிகக் குறைவு, ஆயிலே முட்டிக்கொண்டு கனெக்டிங் ராடை வளைத்துவிடலாம். ஆயில் தீப்பிடிக்கவும் செய்யலாம்.

பட்டறைக்குத் திரும்பப் போகும்போது சண்டைக்காரனாகப் போகாமல் பேப்பரோடு போனேன். சூட்டில் எடுத்த அளவு, ஆயில் விட்ட பிறகு எடுத்த அளவு, டேப்பட் வைத்த பிறகு எடுத்த அளவு, மூன்று வரி. பட்டறை அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"லாக் நட்டு இறுக்கையில திரும்பியிருக்கும் தம்பி. ஒண்ணாவதும் ரெண்டாவதும் ஒரு தடவ பாத்துடுவோம்."

பார்த்தார். இரண்டாவதிலும் ஒரு டேப்பட் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. காசு வாங்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். 1000 கிலோமீட்டர் ஓடி ஆயில் மாற்றிய அன்று அதே கேஜில் மறுபடி அளந்தேன்: 160, 155, 155. அந்தப் பேப்பர் இப்போது வண்டியின் டேஷ்போர்டு பெட்டியில், இன்ஷூரன்ஸ் காகிதத்தோடு மடித்து வைத்திருக்கிறது. அடுத்த முறை அளக்கும்போது ஒப்பிட அது வேண்டும்.